சங்கத் தேர்தலுக்குக் கியூஆர் பதிவும் இணைய வாக்கெடுப்பும்: எதைச் செய்யலாம், எதில் கை வைக்கக்கூடாது?

செங்காங்_செயலாளர்:

வணக்கம். சிங்கப்பூரில் பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் செயற்குழுத் தேர்தலுக்கு ஏற்பாடு நடக்கிறது. உறுப்பினர்கள் 640 பேர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 350 பேர் வரை வரக்கூடும். 11 இடங்களுக்கு வாக்கெடுப்பு. உறுப்பினர் விவரமெல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கிறது. பெயர்களில் பாதி தமிழில், பாதி ஆங்கில எழுத்தில். பழைய பதிவுகளில் அடையாள அட்டை எண் முழுவதுமாக இருக்கிறது.

செயற்குழுவில் மூன்று யோசனைகள் வந்துள்ளன. பட்டியலைச் சுத்தம் செய்து மின்னிலக்க முறைக்கு மாற்றுவது ஒன்று. வாசலில் கியூஆர் குறியீட்டை வருடி உறுப்பினர்களை உள்ளே விடுவது இன்னொன்று. மூன்றாவது, ஜொகூரிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்காக இணையத்திலேயே வாக்களிக்க வைப்பது. தேர்தல் துறை நாட்டளவில் செய்வதில் எதையெல்லாம் இந்த அளவுக்குச் சுருக்கி எடுத்துக்கொள்ளலாம்? அடையாள அட்டை எண்ணை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தேக்கா_மாறன்:

செயலாளர் அவர்களே, செயலியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பட்டியல். தேர்தல் தகராறுகளில் பெரும்பாலானவை "இவருக்கு வாக்குரிமை உண்டா" என்ற இடத்தில்தான் கிளம்பும், வாக்குப் பெட்டியில் இல்லை.

தேர்தல் துறை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் வாக்காளராகப் பதிய யாரும் விண்ணப்பிப்பதில்லை. 21 வயது நிறைந்த, உள்ளூர் முகவரி உள்ள குடிமக்களின் பெயர்கள் தேசியப் பதிவு விவரங்களிலிருந்து தாமாகவே வாக்காளர் பதிவேட்டில் ஏறிவிடும். ஆனால் அதற்கு ஒரு கணக்கெடுப்புத் தேதி உண்டு. 2025 பொதுத்தேர்தலுக்கு அது பிப்ரவரி 1. அன்றைக்கு அடையாள அட்டையில் எந்த முகவரியோ, அந்தத் தொகுதிதான். மறுவாரமே வீடு மாறினாலும் பழைய தொகுதியில்தான் வாக்கு. அதன்பின் பதிவேட்டை இரண்டு வாரம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைப்பார்கள். சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கின் வழி இணையத்தில் பார்க்கலாம், சமூக மன்றங்களுக்குப் போயும் பார்க்கலாம். தன் பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்கக் கோரலாம். இருக்கக்கூடாத பெயர் இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இரண்டுக்கும் முடிவு சொன்ன பிறகே பதிவேட்டுக்குச் சான்றளிக்கப்படும். 2.75 மில்லியனுக்கும் மேற்பட்ட பெயர்களை அப்படித்தான் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் 640 பேருக்கும் இதே நான்கு கட்டமும் தேவை. கணக்கெடுப்புத் தேதியைப் பொதுக்கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்னதாக வையுங்கள். அந்த நாளன்று சந்தா நிலுவை இல்லாதவருக்கு வாக்குரிமை என்று உங்கள் சட்டவிதி சொன்னால் அதுதான் அளவுகோல். விதியில் எதுவும் சொல்லப்படவில்லை என்றால், தேர்தல் அறிவிப்புக்கு முன்பே செயற்குழுத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். தேதி இல்லாத பட்டியலில் கடைசி வாரம் கூட்டம் கூட்டமாக ஆள் சேர்ப்பதைத் தடுக்க வழியே கிடையாது.

பார்வைக் காலம் 14 நாள். உறுப்பினர் எண்ணும் பெயரும் மட்டும் தெரிந்தால் போதும். தொலைபேசி எண்ணோ முகவரியோ வெளியே போகவேண்டாம். "என் பெயர் இல்லை" என்பதற்கு ஒரு படிவம், "இந்தப் பெயர் இருக்கக்கூடாது" என்பதற்கு ஒரு படிவம். முடிவு செய்பவர் எந்தப் பதவிக்கும் போட்டியிடாதவராக இருக்கவேண்டும்.

சந்தா விட்டுப்போனவர்களைத் திரும்பச் சேர்ப்பதற்கும் ஒரு கதவடைப்பு நேரம் வேண்டும். பொதுத்தேர்தலில் வாக்களிக்கத் தவறியவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி கட்டி மீண்டும் சேரலாம். ஆனால் தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டால் வாக்களிப்பு முடியும்வரை அந்த வழி அடைபட்டிருக்கும். அதே கண்டிப்பு உங்களுக்கும் தேவை. கூட்டத்தன்று வாசலில் நின்று மூன்றாண்டு நிலுவையைக் கட்டிவிட்டு வாக்குச் சீட்டு கேட்பவருக்கு என்ன பதில் என்பது எழுத்தில் இருக்கவேண்டும்.

கடைசியாக, பட்டியலை உறையவையுங்கள். இறுதிப் பட்டியலைப் பிடிஎஃப் ஆக்கி, மொத்தப் பெயர் எண்ணிக்கையைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தக் கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஓர் அடையாளம்) எடுத்து எல்லா வேட்பாளர்களுக்கும் அனுப்புங்கள். 64 எழுத்துகள் வரும். விண்டோஸ் பவர்ஷெல்லில் இதற்குத் தனிக் கட்டளையே இருக்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மதிப்பு மாறிவிடும். எக்செல் கோப்புக்கு இதைச் செய்யாதீர்கள். திறந்து சேமித்தாலே உள்ளே சில விவரங்கள் மாறி மதிப்பும் மாறும், வீண் சந்தேகம் வரும்.


நிரலி:

மாறன் அண்ணன் சொன்னதோடு, கோப்பைச் சுத்தம் செய்யும்போது தமிழ்ப் பெயர்களில் வரும் சிக்கல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவான வழிகாட்டிகளில் இவை இருக்காது.

"கோபால்" என்று இரண்டு வரிசையில் இருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினி வேறு வேறு என்று சொல்லும். யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். உயிர்க்குறி ஒரே எழுத்தாக இருக்கலாம், அல்லது முன்னால் உள்ள கொம்பும் பின்னால் உள்ள காலும் தனித்தனியாக இருக்கலாம். தட்டச்சு செய்த விசைப்பலகையைப் பொறுத்து மாறும். இரட்டைப் பதிவு தேடும் முன் முழுக் கோப்பையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப்பட்ட எழுத்துகளை ஒரே விதமாகச் சேமிக்கும் யூனிகோடு முறை) மாற்றுங்கள்; பைத்தானில் ஒரே வரி வேலை. ஆனால் எல்லாவற்றையும் அது சரிசெய்யாது. "ஸ்ரீ" என்ற எழுத்து ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் எழுதப்படும், இரண்டும் ஒரே உருவில் தெரியும். "ஔவை" என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்திருப்பார்கள். துணைக்காலுக்குப் பதில் ரகரம் அடித்திருப்பதும் உண்டு. இவற்றுக்குத் தனியாக ஒரு மாற்றுப் பட்டியல் எழுதவேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த பதிவுகள் ஏதேனும் இருந்தால் அவை யூனிகோடே அல்ல. முதலில் அவற்றை மாற்றியாகவேண்டும்.

அகரவரிசையும் சரியாக வராது. யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் நகரத்துக்குப் பின் னகரம், ரகரத்துக்குப் பின் றகரம், ழகரத்துக்கு முன் ளகரம் என்று வரும். ஒரு மென்பொருள் தமிழ் வரிசையில் அடுக்கும், இன்னொன்று இப்படி அடுக்கும். அச்சிட்ட பட்டியலில் பெயரைத் தேடுகிறவர் திணறுவார். ஆகவே உறுப்பினர் எண் வரிசையில்தான் அச்சிடவேண்டும்.

ஆங்கில எழுத்துப் பெயர்களில் "எஸ்/ஓ" (இன்னாரின் மகன்), "டி/ஓ" (இன்னாரின் மகள்) என்பது சில பதிவுகளில் இருக்கும், சிலவற்றில் தகப்பனார் பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் போயிருக்கும். ஒருவரே இரண்டு உறுப்பினர்களாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து எந்தப் பதிவையும் நீக்காதீர்கள். பெயரின் முதல் பகுதி, பிறந்த ஆண்டு, தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் சந்தேகப் பட்டியலில் போட்டு, ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு முடிவெடுங்கள். அப்பா பெயரும் பேரன் பெயரும் ஒன்றாக இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

எக்செல்லில் உறுப்பினர் எண் பத்தியை முதலிலேயே எழுத்து வகைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் 0042 என்பது 42 ஆகிவிடும். தமிழ் உள்ள சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் பெயரெல்லாம் குழம்பித் தெரியக்கூடும். தரவு இறக்குமதி வழியாகப் போய் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, ஒரு பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்துவது. பெயர் ஒருபக்கம், எண் ஒருபக்கம் போய்விடும், பார்வைக்கு எதுவும் தெரியாது. சுத்தம் செய்யத் தொடங்கும் முன் மூலக்கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் ஏதேனும் இருபது வரிகளை அந்த நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடையாள அட்டை எண் பற்றி: தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. சட்டம் கோரினாலோ, ஒருவரது அடையாளத்தை மிக உறுதியாக நிலைநாட்டவேண்டிய கட்டாயம் இருந்தாலோ தவிர, அமைப்புகள் அந்த எண்ணைத் திரட்டக்கூடாது. சங்கத் தேர்தலுக்கு உறுப்பினர் எண் போதும். வாசலில் அட்டையை வாங்கிப் படத்தையும் பெயரையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். எண்ணைக் குறிக்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். அந்த எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது ஒருவரைக் குறிப்பிடும் எண், அவர்தான் என்று மெய்ப்பிக்கும் எண் அல்ல. அதை மெய்ப்பிக்கப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி 2025லும் அறிவுறுத்தல் வந்தது. பழைய கோப்பில் அந்தப் பத்தி தேவையா என்று தீர்மானித்து, தேவையில்லை என்றால் கோப்பிலிருந்து மட்டுமல்ல, மின்னஞ்சல் இணைப்புகள், பழைய நகல்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்குங்கள்.

இன்னொன்று. தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ மாற்றச் சொல்லி வரும் கோரிக்கைகளைப் பழைய தொடர்புக்கே அழைத்து உறுதிசெய்யுங்கள். 2025 ஜனவரியில் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையவழி முகவரி மாற்றச் சேவையில் திருடப்பட்ட சிங்பாஸ் கணக்குகளைக் கொண்டு சுமார் 80 முறைகேடான முயற்சிகள் நடந்தன. வேறொருவருக்காக முகவரி மாற்றும் வசதிதான் அங்கே வழியாக அமைந்தது. குடும்பத்தில் ஒருவர் மற்ற நால்வரின் விவரத்தையும் மாற்ற அனுமதித்தால், நான்கு பேரின் கியூஆர் குறியீடும் ஒரே கைபேசிக்குப் போகும்.


வரிசை_அன்பு:

வாசல் பதிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2020 பொதுத்தேர்தலில்தான் இங்கே மின்பதிவு வந்தது. அதுவரை காகிதப் பட்டியலில் பெயர் தேடிக் கோடு போட்டார்கள். அன்றிலிருந்து அடையாள அட்டையை வருடுகிறார்கள். வாக்குச்சாவடிகளையும் 880லிருந்து 1,100ஆக உயர்த்தினார்கள். அப்படியும் சில இடங்களில் நீண்ட வரிசை. கொவிட் காலத்துக் கையுறை அணியும் ஏற்பாடு ஒவ்வொருவருக்கும் கூடுதல் விநாடிகளைத் தின்றது. அதைப் பாதி நாளில் கைவிட்டு, வாக்களிப்பு நேரத்தை இரவு 10 மணிவரை நீட்டிக்கவேண்டி வந்தது. வருடும் கருவி எவ்வளவு வேகமானாலும், வரிசையின் வேகத்தை மெதுவான படிதான் தீர்மானிக்கும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 350 பேர், கூட்டம் தொடங்கும் முன் 45 நிமிடத்துக்குள் வருகிறார்கள். வருடி, பெயர் சரிபார்த்து, வாக்குச் சீட்டு கொடுக்க ஒருவருக்கு 15 விநாடி. ஒரு மேசையில் நிமிடத்துக்கு 4 பேர், 45 நிமிடத்தில் 180 பேர். இரண்டு மேசை போதும் என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒருவருக்கு ஏதாவது சிக்கல் இருக்கும். குறியீடு வரவில்லை, பெயர் இல்லை, சந்தா தகராறு. அவர் ஒருவருக்கே 3 நிமிடம். அவரையும் அதே வரிசையில் வைத்துக்கொண்டால் சராசரி 15 விநாடியிலிருந்து 31 விநாடிக்கு மேல் போய்விடும். 350 பேரில் சுமார் 170 பேர்தான் உள்ளே போயிருப்பார்கள், கூட்டம் தொடங்கும் நேரம் வந்துவிடும்.

ஆகவே சிக்கல் மேசை தனி. 35 பேருக்கு 3 நிமிடம் என்றால் 105 நிமிட வேலை; 45 நிமிடத்தில் முடிக்க மூன்று பேர் வேண்டும், அதாவது வருடும் மேசைகளைவிட அதிகம். மாறன் சொன்ன 14 நாள் பார்வைக் காலத்தை ஒழுங்காக நடத்தினால் சிக்கல் முப்பதில் ஒருவர் என்று குறையும். அப்போது 12 பேர், 36 நிமிடம், ஒருவரே சமாளிப்பார். வாசல் கூட்டத்தைக் குறைக்கும் வேலை மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது.

கியூஆர் குறியீட்டுக்குள் உறுப்பினர் எண்ணை வைக்காதீர்கள். 0042க்கு அடுத்தது 0043 என்று யாரும் உருவாக்கிவிடலாம். ஒவ்வொருவருக்கும் தற்செயலான 10 எழுத்து கொடுத்து, அதைப் பட்டியலோடு இணையுங்கள். அச்சிட்டால் குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலம், சுற்றிலும் வெள்ளை ஓரம். திரைப்பிடிப்பைப் பகிர்வதைத் தடுக்க முடியாது. அதனால் வருடியதும் திரையில் பெயர் பெரிதாகத் தெரியவேண்டும், மேசையில் இருப்பவர் அடையாள அட்டையின் படத்தோடும் பெயரோடும் ஒப்பிடவேண்டும். குறியீடு வேகத்துக்குத்தான், ஆள் இவர்தானா என்பதை மனிதர்தான் பார்க்கவேண்டும்.

இரட்டைப் பதிவு நுழைவது இப்படித்தான்: இரண்டு மேசையும் ஒரே கூகுள் தாளைப் பார்க்கும், இருவரும் ஒரே விநாடியில் "வரவில்லை" என்று காண்பார்கள், இருவரும் சீட்டு கொடுப்பார்கள். இணையம் அறுந்தால் இன்னும் மோசம், ஒரு மேசைக்கு மற்றதன் பதிவே தெரியாது. பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரே ஒரு வாக்குச்சாவடிதான், வேறெங்கும் போகமுடியாது. அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் எண் 1 முதல் 320 வரை முதல் மேசை, 321 முதல் 640 வரை இரண்டாம் மேசை. எண்ணைப் பெரிதாக அட்டையில் எழுதி வையுங்கள். அப்போது இணையம் இல்லாவிட்டாலும் ஒருவர் இரண்டு முறை சீட்டு வாங்க முடியாது. ஒவ்வொரு மேசையிலும் அதற்குரிய காகிதப் பட்டியல் இருக்கட்டும். கருவி நின்றால் அடுத்த ஆளிலிருந்தே பேனாவால் தொடரலாம். அதற்கு முன் பதிவானவர்கள் யார் என்று தெரிய, 15 நிமிடத்துக்கு ஒருமுறை காகிதத்திலும் குறித்து வரவேண்டும்.

மண்டபத்து வைஃபையை நம்பவேண்டாம். 350 கைபேசிகளும் அதில்தான் தொங்கும். தனிச் சிம் அட்டையுள்ள சிறு ரவுட்டர் ஒன்று, மின்வங்கி இரண்டு போதும்.


பொங்கோல்வாசி:

நீங்கள் எல்லாரும் நேரில் வருபவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 640 பேரில் 290 பேர் வரப்போவதில்லை. அவர்கள் உறுப்பினர்கள் இல்லையா? எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்தில் வாக்களிக்கிறார்கள். கொவிட் காலத்தில் இங்கே எத்தனையோ அமைப்புகள் கூட்டத்தையும் வாக்கெடுப்பையும் இணையத்தில்தான் நடத்தின. வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருப்பவர், இரவுப் பணி செய்பவர், தாதிமை இல்லத்தில் இருக்கும் மூத்தவர் என்று இவர்களை விட்டுவிட்டு நடத்தும் தேர்தலை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல வாக்கெடுப்புச் சேவைகள் காசுக்குக் கிடைக்கின்றன.


நிரலி:

பொங்கோல்வாசியின் கவலை நியாயமானது. வழிதான் கவனமாகத் தேரவேண்டும்.

முதலில் சட்டவிதி. கொவிட் காலக் கூட்டங்களுக்கு இடமளித்தது தற்காலிகச் சட்ட ஏற்பாடு. 2023 ஜூலை 1 முதல் அது இல்லை. இப்போது உங்கள் சங்கத்தின் விதி "நேரில் வந்து இரகசிய வாக்கெடுப்பு" என்று சொன்னால், இணைய வாக்கு செல்லாது என்று ஒரே ஒரு வேட்பாளர் எழுப்பும் ஆட்சேபம் முழுத் தேர்தலையும் கவிழ்த்துவிடும். விதியைத் திருத்தவேண்டும், சங்கங்களின் பதிவகத்தோடு உள்ள நடைமுறையையும் முடிக்கவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். இந்தத் தேர்தலுக்குள் ஆகாது என்றே நினைக்கிறேன்.

எஸ்டோனியாவில் ஒருவர் இணையத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் வாக்களிக்கலாம், கடைசி வாக்குதான் செல்லும். பக்கத்தில் நின்று யாராவது மிரட்டினால் பிறகு தனியாக மாற்றிக்கொள்ள அது வழி. அதற்கு அடியில் அரசாங்கம் வழங்கிய மின்னிலக்க அடையாளமும், பெயரையும் வாக்கையும் பிரிக்கும் மறையாக்கமும் இருக்கின்றன. ஒரு கூகுள் படிவத்தில் இவற்றில் எதுவும் கிடையாது.

படிவத்தில் என்ன நடக்கும்? மின்னஞ்சலைச் சேகரித்தால் யார் யாருக்கு வாக்களித்தார் என்று படிவத்தின் உரிமையாளருக்குத் தெரியும். சேகரிக்காவிட்டால் ஒருவரே பத்து முறை நிரப்பலாம். ஒவ்வொரு பதிலுக்கும் நேரமுத்திரை விழும். வாசல் பதிவிலும் நேரம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், முதலில் வந்த இருபது பேரின் வாக்கைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். இரகசியத்தை உடைக்க யாரும் திட்டமிடவே வேண்டாம், கோப்பு தானாகவே உடைத்துவிடும்.

காசு கொடுத்து வாங்கும் சேவை என்றாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். வாக்காளர் பட்டியலையும் வாக்குகளையும் ஒரே நிர்வாகிக் கணக்கில் பார்க்க முடியுமா? முடிவு தவறு என்று ஒருவர் சொன்னால், எதை மறுபடி எண்ணிக் காட்டுவீர்கள்? இரண்டாவதற்கு "அறிக்கையை மறுபடி பதிவிறக்கலாம்" என்று பதில் வந்தால் அது மறு எண்ணிக்கை அல்ல.

நாட்டுத் தேர்தலில் வெளிநாட்டு வாக்காளர்களுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2023 அதிபர் தேர்தலிலிருந்து அஞ்சல்வழி வாக்களிப்பு உண்டு. வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவர் சிங்பாஸ் வழியாக உள்ளே போய் வாக்குச் சீட்டையும் திருப்பி அனுப்பும் உறையையும் பதிவிறக்கி அச்சிடுகிறார், பேனாவால் குறிக்கிறார், அஞ்சலில் சேர்க்கிறார். வாக்களிப்பு நாளுக்கு முந்தைய தேதிக்குள் அஞ்சல் முத்திரை விழுந்திருக்கவேண்டும். வாக்களிப்பு நாளுக்குப் பின் 10 நாளுக்குள் இங்கே வந்து சேரவேண்டும். இவ்வளவு தொழில்நுட்பம் கையில் இருக்கும் நாடு, ஆளை அடையாளம் காண்பதற்கும் சீட்டைச் சேர்ப்பிப்பதற்கும் இணையத்தைப் பயன்படுத்துகிறது. வாக்கு மட்டும் தாளில் இருக்கிறது. அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்கள் விதி அஞ்சல் வாக்கை அனுமதித்தால் இரட்டை உறை முறை. உள் உறையில் பெயரில்லாத வாக்குச் சீட்டு. வெளி உறையில் உறுப்பினர் எண்ணும் கையெழுத்தும். வெளி உறையைப் பட்டியலோடு சரிபார்த்து, அவர் பெயருக்கு நேரே "அஞ்சல்" என்று குறித்து, உள் உறையைத் திறக்காமல் பெட்டியில் போடவேண்டும். எல்லா உள் உறைகளும் கலந்த பிறகே திறப்பது. "அஞ்சல்" குறியிட்ட பட்டியல்தான் வாசல் மேசைக்குப் போகவேண்டும். இல்லையென்றால் அஞ்சலிலும் அனுப்பி நேரிலும் வந்து வாக்களிப்பார். சென்னைக்குப் போய்த் திரும்ப மூன்று வாரம் ஒதுக்குங்கள்.


செங்காங்_செயலாளர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இணைய வாக்கைச் சட்டவிதித் திருத்தத்தோடு அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிறேன். எண்ணிக்கையில் என்ன கவனிக்கவேண்டும்? 11 இடங்கள் இருப்பதால் ஒரு சீட்டில் 11 குறி வரும். வாக்குச் சீட்டில் வரிசை எண் போடலாமா என்றும் ஒரு கேள்வி. மூத்த உறுப்பினர்கள் சுமார் 40 பேரிடம் திறன்பேசி இல்லை.


தேக்கா_மாறன்:

வரிசை எண் போடலாம், ஆனால் அடிக்கட்டையில் உறுப்பினர் எண்ணை எழுதக்கூடாது. பொதுத்தேர்தல் வாக்குச் சீட்டிலும் வரிசை எண் உண்டு. போலிச் சீட்டையும் ஆள்மாறாட்டத்தையும் தடுக்கவே அது. எண்ணி முடித்த சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாதம் வைத்திருந்து பிறகு அழித்துவிடுகிறார்கள். நீதிமன்ற உத்தரவின்றி யாரும் திறக்கமுடியாது. அந்த அளவு காவல் ஏற்பாடு சங்கத்தில் இருக்காது. அதனால் சீட்டையும் ஆளையும் இணைக்கும் எந்தத் தடயமும் உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. சீட்டுக் கட்டைக் கலைத்துவிட்டுக் கொடுங்கள். வரிசையாகக் கொடுத்தால் வாசல் நேரத்தோடு எண் ஒத்துப்போய்விடும்.

எண்ணத் தொடங்கும் முன் ஒரு சமன்பாடு. அச்சிட்ட சீட்டு = கொடுத்தது + கொடுக்காதது + கெட்டுப்போய் மாற்றிக் கொடுத்தது. கொடுத்தது = வாசலில் பதிவானவர் எண்ணிக்கை. பெட்டியில் இருப்பது அதைவிட ஒன்றிரண்டு குறையலாம், சிலர் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்று கூடினால்கூட அங்கேயே நிறுத்திக் காரணம் கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

11 குறி உள்ள சீட்டை 25 சீட்டுக் கட்டுகளாகப் பிரியுங்கள். ஒரு கட்டுக்கு ஒருவர் வாசிக்க, ஒருவர் சீட்டைப் பக்கத்திலிருந்து பார்க்க, இருவர் தனித்தனித் தாளில் கோடு போடவேண்டும். கட்டு முடிந்ததும் இரு தாளும் ஒத்துப்போகவேண்டும். இல்லையென்றால் அந்த 25ஐ மட்டும் மறுபடி வாசிக்கலாம். 350ஐயும் ஒரே மூச்சில் எண்ணிவிட்டுக் கடைசியில் இரண்டு வாக்கு உதைத்தால் தொடக்கத்திலிருந்து போகவேண்டியிருக்கும். கூட்டுத்தொகைக்கு எக்செல் போதும், சூத்திரப் பத்தியைப் பூட்டி வையுங்கள்.

பொதுத்தேர்தலின் மாதிரி எண்ணிக்கையைப் பார்த்து அதையும் செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலிருந்தும் 100 சீட்டு எடுத்து, 95 விழுக்காட்டு நம்பகத்தோடு 4 புள்ளி முன்பின்னாகச் சொல்லும் முறை அது. பெரிய தொகுதிக்கு உதவும். 350 சீட்டுக்கு அது தேவையே இல்லை.

செல்லாத வாக்கு எது என்று முன்னதாகவே மாதிரிச் சீட்டுகளோடு எழுதி வேட்பாளர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். 12 பேரைக் குறித்தால் முழுச் சீட்டும் செல்லாதா? 9 பேரை மட்டும் குறித்தால் செல்லுமா? குறி கட்டத்துக்கு வெளியே போயிருந்தால்? நாட்டுத் தேர்தலில் வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்து, அவர் யார் என்று காட்டும் அடையாளம் இல்லையென்றால் ஏற்றுக்கொள்கிறார்கள். நல்ல அளவுகோல். மறு எண்ணிக்கைக்கும் வரம்பு முன்பே வேண்டும். அங்கே வித்தியாசம் 2 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவு. உங்களுக்குப் பதினோராவது இடத்துக்கும் பன்னிரண்டாவது இடத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 5 வாக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வேட்பாளர் பெயர் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். தமிழ் அகரவரிசை, ஆங்கில அகரவரிசை இரண்டும் வேறு வேறு ஆளை முதலில் வைக்கும். 11 பேரைத் தேரும் நீண்ட சீட்டில் மேலே இருப்பவருக்கு எப்போதும் கொஞ்சம் ஆதாயம் உண்டு.


வரிசை_அன்பு:

திறன்பேசி இல்லாத 40 பேருக்கு: குறியீட்டைத் தடித்த தாளில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்புங்கள். அட்டையில் உறுப்பினர் எண், மேசை எண், கூட்ட நேரம் மூன்றும் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கட்டும். பொதுத்தேர்தலிலும் சிங்பாஸ் செயலியில் மின்னிலக்க வாக்காளர் அட்டை வந்த பிறகும் அச்சிட்ட அட்டையை அஞ்சலில் அனுப்புகிறார்கள். அட்டையை மறந்து வந்தாலும் அடையாள அட்டையைக் காட்டினால் உறுப்பினர் எண்ணைத் தேடிக் கொடுக்கச் சிக்கல் மேசை இருக்கிறது. நாற்காலியோடு ஒரு தனி வரிசை போடுங்கள்.

எண்ணி முடித்த பிறகு கோப்புகளை யார் வைத்திருப்பது என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். வாசல் கருவிகளிலிருந்து பட்டியலை அன்றே அழிக்கவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எக்செல் கோப்பைப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தனிநபர் தரவு கசிந்தால் பெரிய அளவிலான கசிவு என்று கருதப்படும். அப்படி என்று மதிப்பிட்டதும் 3 நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். உங்கள் கோப்பில் 640 பேர் இருக்கிறார்கள்.


நிரலி:

ஒரு சேர்க்கை. பட்டியலை வைத்திருப்பவர், வாசல் பதிவை நடத்துபவர், சீட்டுகளை எண்ணுபவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் மண்டபத்திலேயே 20 பேரை வைத்து ஒத்திகை பாருங்கள். ஒரே குறியீட்டை இரண்டு மேசையிலும் காட்டுங்கள், நடுவில் ரவுட்டரை அணையுங்கள், வேறொருவர் திரைப்பிடிப்போடு ஒருவரை அனுப்புங்கள். மூன்றையும் மேசைக்காரர்கள் பிடித்துவிட்டால் கருவியோடு போகலாம். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்குக் காகிதப் பட்டியலும் நான்கு மேசையும் போட்டு நடத்திவிடுங்கள்.